வாசகர் கேள்வி – பதில்: ‘லாய் லெ’ என்றால் வந்தாரா, வருகிறாரா?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகச் சீன மொழி பயில்கிறேன். ஏறத்தாழ 1,500 எழுத்துகள் தெரியும். ஆயினும் ஒரு பத்தியை ஆங்கிலத்தில் பெயர்த்தால், சொற்கள் சரியாக இருந்தும் வாக்கியம் நொண்டுகிறது. எங்கிருந்து தொடங்குவது? (வாசகி, கோவை)

பதில்: அகராதியைச் சற்று மூடிவைத்துவிட்டு, யார், எப்போது, எத்தனை என்ற மூன்றையும் வாக்கியத்தில் தேடுங்கள். சீன வினைச்சொல் காலத்துக்கோ ஆளுக்கோ ஏற்ப உருமாறுவதில்லை. பெயர்ச்சொல்லும் பெரும்பாலும் ஒருமை பன்மை காட்டாது. சூழலில் விளங்குமானால் எழுவாயையும் விட்டுவிடுவார்கள். நாமும் எழுவாயை விடுகிறோம்தான், ஆனால் ‘வந்தாள்’ என்னும்போது விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலமோ இவற்றைச் சொல்லாமல் வாக்கியத்தை முடிக்க விடாது என்பதால், விடையை முந்தைய வரிகளிலிருந்து நீங்கள்தான் எடுத்து வர வேண்டும்.

‘லெ’ என்ற இடைச்சொல்லை இறந்தகால விகுதி என்று மனப்பாடம் செய்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். உணவகத்தில் அழைத்தால், பணியாளர் உள்ளிருந்தே ‘லாய் லெ’ என்று குரல் கொடுப்பார். ‘லாய்’ என்றால் வருதல். அவர் இன்னும் வரவில்லை. ‘இதோ வந்துட்டேன்’ என்று நம் வீட்டில் அடுப்படியிலிருந்து கேட்கும் அதே குரல்தான் அது. ஆங்கிலத்தில் ‘ஐ கேம்’ என்று எழுதினால் பிழை, ‘கமிங்’ என்பதே சரி.

அடைமொழித் தொடரில் தமிழ் உங்களுக்குக் கைகொடுக்கும். ‘வொ த்ஸுவோதியன் மாய் தெ ஷூ’ என்பது ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதோடு வரிசை மாறாமல் பொருந்துகிறது. ஆங்கிலத்தில்தான் புத்தகம் முன்னே போகிறது. நான்கு வரி நீளும் அடைமொழியானால், அடைமொழியைப் பெயரோடு இணைக்கும் ‘தெ’ என்ற இடைச்சொல்லுக்குப் பின் வரும் பெயர்ச்சொல்லை முதலில் கண்டுபிடித்து, முழுவதையும் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்த பிறகு ஆங்கிலத்தில் திருப்புங்கள். சுற்றுவழிதான், ஆனால் தொடக்கத்தில் இதைவிடப் பத்திரமான வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: சீனச் செய்திகளில் வரும் பெரிய எண்களில் அடிக்கடி தவறுகிறேனே? (வாசகர், மதுரை)

பதில்: ஆங்கில எண்ணலகுகள் மும்மூன்று சுழியாக ஏறுகின்றன, சீனத்தில் நான்கு நான்காக. ‘வான்’ என்பது பத்தாயிரம், ‘யீ’ என்பது பத்துக் கோடி (ஒன்றுக்கும் ‘யீ’தான், தொனி மட்டும் வேறு). ஆகவே 14 யீ என்பது 140 கோடி, அதாவது 1.4 பில்லியன், 3,500 வான் என்பது 35 மில்லியன். மனக்கணக்கை நம்பாமல், எல்லாச் சுழிகளையும் தாளில் எழுதிக் காற்புள்ளியை இடம் மாற்றிப் போடுங்கள்.