அப்பாவின் கார்டு பாக்கிக்கு மூன்றாவது கடன் வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, ஆறு வருடமாகப் பார்க்கின்சன் நோய். போன வருடம் ஒரு மாத்திரை சேர்த்தார்கள். அதன்பிறகு ராத்திரியெல்லாம் மொபைலில் சூதாட்டம், கண்டதையும் வாங்குவது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். கட்டிலுக்கடியில் பிரிக்காத மூன்று டிரில் மெஷின் பெட்டிகள். கார்டு பாக்கியை இரண்டு முறை தனிநபர் கடன் வாங்கி அடைத்தேன். சம்பளத்தில் 30 சதவீதம் வீட்டுக் கடனுக்கும், 22 சதவீதம் இந்த இரண்டு கடன்களுக்கும் போகிறது. மறுபடி நிரம்பிவிட்டது. இன்னொரு கடன் வாங்கலாமா? அவருக்குத் தீவிர நோய் பாலிசி எடுக்கலாமா?

பதில்: கடன் வேண்டவே வேண்டாம். நீங்கள் எழுதியபடி சம்பளம் 100 என்றால் வீட்டுக் கடனுக்கு 30, இரண்டு தனிநபர் கடன்களுக்கு 22. அதே அளவில் மூன்றாவது சேர்ந்தால் 63-ஐத் தொட்டுவிடும். கார்டு வட்டிக்குப் பயந்து அடைக்கிறீர்கள், புரிகிறது. மாதம் 3 சதவீதம் என்றால் 100 ரூபாய் பாக்கி ஒரு வருடத்தில் சுமார் 143 ஆகிவிடும். ஆனால் நீங்கள் அடைக்கும் ஒவ்வொரு முறையும் கடன் உங்கள் பெயருக்கு வருகிறது, லிமிட் அவர் கைக்குத் திரும்புகிறது. கார்டை முடக்காமல் அடைக்கும் இந்தப் பழக்கம்தான் உங்களைக் கவிழ்க்கிறது.

அப்பாவைத் திட்டாதீர்கள். மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது பார்க்கின்சன். டோபமைனைப் போலவே வேலை செய்யும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அடக்க முடியாத சூதாட்ட ஆசையையும் வாங்கும் வெறியையும் கிளப்பும். 2010-ல் வெளியான, 3,090 நோயாளிகளைப் பார்த்த ஆய்வில், இந்த வகை மருந்து எடுத்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கு இப்படிப்பட்ட கட்டுப்பாடற்ற பழக்கங்கள் இருந்தன. அப்பா எடுப்பது அந்த வகையா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். கார்டு ஸ்டேட்மென்டில் முதல் சூதாட்டத் தேதியையும், மருந்துச் சீட்டில் அந்த மாத்திரை தொடங்கிய தேதியையும் வட்டமிட்டு எடுத்துப் போங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

பாலிசியா? ஏற்கெனவே இருக்கும் நோய்க்குத் தீவிர நோய் பாலிசியில் எந்தக் கம்பெனி பணம் தரும்? ஏஜென்ட் தலையாட்டுவார், அவருக்குக் கமிஷன் உண்டு.

இன்றைக்கே அப்பாவோடு உட்கார்ந்து, அவர் சம்மதத்தோடு கார்டை முடக்குங்கள். செலவுக்குத் தனிக் கணக்கில் வாரம் ஒரு சிறு தொகை போதும். அப்புறம் வங்கியில் பழைய பாக்கியைத் தவணையாக மாற்றக் கேளுங்கள். பார்க்கின்சன் நோயாளிகளுக்கான அமைப்புகளான பார்க்கின்சன்ஸ் யுகே, பார்க்கின்சன்ஸ் ஃபவுண்டேஷன் இரண்டுமே இந்தப் பக்கவிளைவைப் பற்றி எழுதி வைத்திருக்கின்றன. பக்கத்தில் ஆதரவுக் குழு இருக்கிறதா என்று மருத்துவரிடமே விசாரியுங்கள். இதே சிக்கலைப் பார்த்த குடும்பம் அங்கே இருக்கலாம்.

டிரில் மெஷின்களை ரிட்டர்ன் தேதி தாண்டுவதற்குள் அனுப்பிவிடுங்கள்.