ஆச்சி, தம்பிக்கு ஒரு பேரேடு போடுங்கள்

ஆச்சி, சனிக்கிழமை தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறி காரைக்குடிக்கு வந்து, பேசி முடிக்கும்வரை அந்த மஞ்சள் பையை மடியை விட்டு இறக்கவே இல்லை நீங்கள். உள்ளே தம்பியின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல். இயற்பியல் 54, வேதியியல் 58, உயிரியல் 71. "இதை வச்சுக்கிட்டு டாக்டருக்குப் படிக்கிறேங்கிறானே" என்றீர்கள். அன்று கூட்டத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இது.

அந்தப் பட்டியலுக்காக இனி மனசை உடைத்துக்கொள்ள வேண்டாம். எம்பிபிஎஸ்ஸுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் வாசற்படி மட்டும்தான். மூன்று பாடமும் சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 வேண்டும். தம்பிக்கு 300க்கு 183 இருக்கிறது, தாண்டிவிட்டான். 2017 முதல் நம் மாநிலத்திலும் ரேங்க் போடுவது நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான். கால்நடை மருத்துவம், வேளாண்மை, நர்சிங் என்றால்தான் பிளஸ் டூ மதிப்பெண் பேசும். அவற்றுக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அடைக்க வேண்டிய ஓட்டை நீட்டில் வாங்கிய 214இல் இருக்கிறது. நீங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, தம்பி போனில் இருந்த ஓஎம்ஆர் தாளையும் விடைக்குறிப்பையும் வைத்து ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்தோம். 180 கேள்வியில் 151 எழுதியிருக்கிறான். சரி 73, தப்பு 78. சரிக்கு நான்கு, தப்புக்கு ஒன்று கழிவு. இயற்பியலைப் பாருங்கள்: 38 கேள்வியோடு மல்லுக்கட்டி, 9 சரி, 29 தப்பு. கையில் நின்றது 7 மார்க்! அந்த நேரத்தில் பாதியை உயிரியலுக்குக் கொடுத்திருக்கலாம். 720இல் பாதி, 360, உயிரியலுக்குத்தான். இரண்டு பேர் ஒரே மார்க் வாங்கினால் முதலில் பார்ப்பதும் உயிரியலைத்தான்.

அந்த உயிரியலிலும் 30 தப்பு. அதில் எட்டு, "தவறான கூற்று எது" என்று கேட்ட இடத்தில் சரியான கூற்றைக் குறித்தவை. பாடம் தெரியும், கேள்வியை முழுசாகப் படிக்கவில்லை. ஒவ்வொன்றும் வரவேண்டிய நான்கு, போன ஒன்று என்று ஐந்து மார்க். எட்டுக்கு நாற்பது. புதிதாக ஒரு வரி படிக்காமலே எடுக்கக்கூடிய நாற்பது அது.

தப்பான 78இல் 49 பதினொன்றாம் வகுப்புப் பாடம். "பிளஸ் ஒன் புத்தகத்தை எப்பத் தம்பி தொட்டே?" என்றேன். மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தான். பள்ளியிலேயே இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத்தான் ஓட்டியிருக்கிறார்கள். பிள்ளையை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை.

ஐயா காலத்துக் கணக்குப் பேரேடு உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் கிடக்குமே, அதே போல ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுங்கள். எந்தத் தேர்வில் எது தப்பினாலும் அதில் ஏற வேண்டும். பக்கத்தில் காரணம்: தெரியாது, தெரிந்தும் தப்பு, குருட்டாம்போக்கு. மூன்றில் ஒன்று. ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் அதே கணக்கைப் பார்க்காமல் போட்டுப் பார்க்கட்டும். மாதக் கடைசி ஞாயிறு ஐந்தொகை, அதாவது மொத்தக் கணக்கை முடித்துப் பார்ப்பது. அதை நீங்களே பார்க்கலாம், பாடம் தெரிய வேண்டியதில்லை. "தெரிந்தும் தப்பு" குறைகிறதா என்று எண்ணத் தெரிந்தால் போதும்.

ஆகஸ்ட் வரை பதினொன்றாம் வகுப்பு உயிரியலும், வேதியியலில் மோல் கணக்கும் கரிம வேதியியல் அடிப்படையும். இயற்பியலை முழுசாக விழுங்கப் பார்க்க வேண்டாம். அலகுகள், வெக்டர், நியூட்டன் விதிகள், வேலை-ஆற்றல் இவை கைக்கு வந்த பிறகு மின்னோட்டம், குறைக்கடத்தி. சுழற்சி இயக்கம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அத்தான் மகன் கொடுத்த பழைய கைடை அப்படியே நம்ப வேண்டாம். 2024 தேர்வுக்குப் பாடத்திட்டத்தைக் குறைத்துவிட்டார்கள். புதிய பட்டியலைப் பார்த்து, எடுத்த பாடங்களைப் பென்சிலால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

கோச்சிங் பற்றிக் கேட்டீர்கள். என் தங்கை மகனுக்கு ஓரிடத்தில் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, கடைசி பெஞ்சு பேட்ச் ஒன்றில் அவன் காணாமல் போனதைப் பார்த்தவன் நான். பணம் கட்டும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: தேர்வு முடிந்த மறுநாள், தப்பான விடையைப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பது யார்? பதிலுக்குப் பதிலாகப் போன வருஷ ரேங்க் நோட்டீஸை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வெளிநாட்டில் மருத்துவச் சீட்டு என்று ஒருவர் வீடு தேடி வந்தாராம். நம் ஐயாக்கள் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனதும் கணக்குப் பார்த்துத்தான். நீட் தேறாமல் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து இங்கே டாக்டராக முடியாது. படிப்பு 54 மாதமாவது இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் நடக்க வேண்டும், பயிற்சியும் அங்கேயே முடிய வேண்டும். திரும்பி வந்து இன்னொரு தேர்வு, இன்னொரு வருஷப் பயிற்சி. இதையெல்லாம் அவர் சொன்னாரா?

ஒன்பதாவது படிக்கும் இளையவளை அரசுப் பள்ளிக்கு மாற்றினால் மருத்துவச் சீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா என்றீர்கள். கிடைக்காது. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

சிவகங்கைக் கல்லூரிதான் வேண்டும் என்று இப்போதே நேர்ந்துகொள்ள வேண்டாம், ஆச்சி. அங்கே இருப்பது 100 இடம், அதிலும் 15 அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். வயது உச்சவரம்பு இல்லை, எத்தனை முறையும் எழுதலாம் என்பது உண்மை. ஆனாலும் நான் ஒரு வருஷத்துக்குத்தான் சம்மதிப்பேன். ஜனவரியில் மூன்று முழு மாதிரித் தேர்வு எழுதட்டும். இயற்பியலில் சரியான விடை அப்போதும் இருபதைத் தாண்டவில்லை என்றால் வேறு படிப்பைப் பற்றி உட்கார்ந்து பேசுவோம்.

வளவு வீட்டில் அடுத்த மாதம் கல்யாணம் என்றீர்களே, அந்தப் பத்து நாளும் தம்பியை மாடியறைக்கு மாற்றிவிடுங்கள். பந்தி பரிமாறக் கூப்பிட வேண்டாம். ஜூலைக் கடைசி ஞாயிறு அவனை மட்டும் அனுப்புங்கள், பேரேட்டோடு.