நிதியமைச்சர் பதில் சொல்கிறாரா, இல்லையா?

கே: டிவியில் கேள்வி நேரம் பார்த்தேன். வரி பற்றி ஓர் எம்பி கேட்டதற்கு, "அறிக்கை அவையில் வைக்கப்படுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அமைச்சர் நின்றார். இது நழுவல் இல்லையா?

ப: இல்லை, அது நடைமுறை. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் பட்டியலில் வரும், அதாவது அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டியவை. அவற்றின் விரிவான பதில் முன்பே அச்சாகி உறுப்பினர்கள் கைக்குப் போயிருக்கும், அதனால்தான் அந்த ஒரு வரி. நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கு அப்புறம் வரும் துணைக் கேள்விகளை. மூலக் கேள்விக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும் என்பதால் அதிகாரிகள் உட்கார்ந்து பதில் தயாரிக்க நேரம் இருக்கும். துணைக் கேள்வி அங்கேயே கேட்பது, பதிலும் அங்கேயே வர வேண்டும். ஓர் அமைச்சருக்குத் தன் துறை எவ்வளவு தெரியும் என்பது அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும். 11 மணியிலிருந்து 12 மணி வரைக்குள் இருபது கேள்விகளும் வாய்மொழியாக முடிவது அபூர்வம், அமளி நடந்தால் அதுவும் போச்சு. எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல் வருவது அந்த இடத்தில்தான்.

கே: வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குக் கொடுக்கிறோம் என்கிறது மத்திய அரசு. அவ்வளவு வரவில்லை என்கின்றன மாநிலங்கள். யார் சொல்வது பொய்?

ப: இரண்டு பேர் சொல்வதும் சரிதான். சிக்கல், எதில் 41 சதவீதம் என்பதில் இருக்கிறது. வரியை மத்திய அரசும் மாநிலங்களும் எப்படிப் பகிர்வது என்று சொல்வது நிதிக்குழு. 15ஆவது நிதிக்குழு பரிந்துரைத்த 41 சதவீதம் மத்திய அரசு வசூலிக்கும் எல்லாப் பணத்துக்கும் கிடையாது, பகிர்ந்துகொள்ள வேண்டிய தொகுப்புக்கு மட்டும்தான். செஸ் (ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று போடும் வரி), சர்சார்ஜ் (வரிக்கு மேல் போடும் கூடுதல் வரி) இரண்டும் அந்தத் தொகுப்பில் சேராது. அரசியல் சட்டத்தின் 270ஆவது பிரிவே அப்படித்தான் சொல்கிறது, 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு.

பெட்ரோலை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். 2021 பட்ஜெட்டுக்குப் பிறகு ஒரு லிட்டர் பெட்ரோல் மீது மத்திய அரசின் வரி 32 ரூபாய் 90 காசாக இருந்தது. அதைப் பிரித்துப் பாருங்கள். அடிப்படை கலால் வரி 1 ரூபாய் 40 காசு, சிறப்புக் கூடுதல் கலால் வரி 11 ரூபாய் (இதுவும் சர்சார்ஜ் வகைதான்), சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் 18 ரூபாய், வேளாண் உள்கட்டமைப்பு செஸ் இரண்டரை ரூபாய். இதில் மாநிலங்களோடு பகிர வேண்டியது அந்த 1 ரூபாய் 40 காசு மட்டும். அதில் 41 சதவீதம் என்றால் 57 காசு, அதுவும் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அந்த நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு வைத்த பங்கு 4.079 சதவீதம். கணக்குப் போட்டால் லிட்டருக்கு இரண்டு காசும் கொஞ்சமும். நான் இந்தக் கணக்கை முதல் தடவை போட்டபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் போட்டேன், அதே விடைதான் வந்தது.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மாநிலங்கள் பெட்ரோல் மீது தனியாக வாட் என்ற விற்பனை வரி போடுகின்றன, அந்தப் பணம் முழுக்க அவர்களுடையது. 2022 மே மாதம் மத்திய அரசு பெட்ரோலுக்கு 8 ரூபாய் குறைத்தபோது அந்தக் குறைப்பு முழுவதும் சாலை செஸ்ஸில் செய்யப்பட்டது, அதனால் மாநிலப் பங்கு குறையவில்லை என்று நிர்மலா சீதாராமன் விளக்கினார், அதுவும் உண்மை. செஸ் பணத்தில் போடும் சாலைகளும் ஏதோ ஒரு மாநிலத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக என்று சொல்லிப் போடுகிற செஸ்ஸுக்கு முடிவுத் தேதி இருக்க வேண்டும் என்பது என் கருத்து, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வருமான வரி கட்டுகிறவர்கள் கல்விக்கென்று செஸ் கட்ட ஆரம்பித்து இருபது வருஷம் தாண்டிவிட்டது, இப்போது அது சுகாதாரத்தையும் சேர்த்துக்கொண்டு 4 சதவீதத்தில் நிற்கிறது.

அதனால் எம்பி "எத்தனை சதவீதம் பகிர்கிறீர்கள்?" என்று கேட்டால் 41 என்றுதான் பதில் வரும். "செஸ், சர்சார்ஜ் உட்பட மொத்த வரி வருவாயில் எத்தனை சதவீதம், ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுவாரியாகச் சொல்லுங்கள்" என்று கேட்டால் வேறு எண் வரும்.

கே: பெரிய கம்பெனிகளின் கடனைத் தள்ளுபடி செய்யவில்லை என்று அமைச்சர் அடித்துச் சொல்கிறார். லட்சம் கோடிக் கணக்கில் "ரைட் ஆஃப்" என்று அவர் கொடுத்த பதிலிலேயே இருக்கிறதே?

ப: இரண்டும் ஒன்றல்ல. தள்ளுபடி என்றால் கடன் வாங்கியவர் இனிக் கட்ட வேண்டாம். ரைட் ஆஃப் என்றால் வராக்கடனை வங்கி தன் இருப்புநிலைக் குறிப்பிலிருந்து (பேலன்ஸ் ஷீட்) எடுத்துவிடுகிறது, கடன்காரர் பொறுப்பு அப்படியே இருக்கும், வசூல் வழக்கும் நடக்கும். அமைச்சர் சொல்வது சரி. அதற்குமேல் கேட்க வேண்டியது, அப்படி எடுத்த தொகையில் திரும்பி வந்தது எவ்வளவு என்பதுதான். அந்த எண்ணும் நாடாளுமன்றப் பதில்களில் கிடைக்கிறது, முதல் எண்ணைவிட ரொம்பச் சின்னது.

கே: கேள்வி கேட்டு என்ன சார் ஆகப்போகிறது?

ப: ஒரு நிதியமைச்சரே பதவி விலகியிருக்கிறார். டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் ஊர்க்காரர், திறமைசாலி. ஆயுள் காப்பீடு அரசுடைமையாகி எல்ஐசி உருவான மறு வருஷம், 1957 ஜூனில், எல்ஐசி தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிப் பங்குகளில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் போட்டது, அதற்கென்று இருந்த முதலீட்டுக் குழுவைக் கேட்காமல். மக்களவையில் இதைத் துருவியவர்களில் முக்கியமானவர் பெரோஸ் காந்தி. எதிர்க்கட்சிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், ஆளுங்கட்சி எம்பி, பிரதமர் நேருவின் மருமகன். முதலில் கேள்வி, அப்புறம் விவாதம், அப்புறம் நீதிபதி சாக்ளா விசாரணை. மக்கள் முன்னிலையில் நடந்த அந்த விசாரணை சில வாரங்களில் முடிந்தது, 1958 பிப்ரவரியில் அமைச்சர் போய்விட்டார். பிற்பாடு அவர் மறுபடியும் நிதியமைச்சராக வந்தார், அது வேறு கதை. எனக்குப் பிடித்தது, தன் கட்சி அமைச்சரிடமே போய் பாலிசி கட்டியவர்களின் பணம் எங்கே என்று ஒருவர் கேட்டதுதான்.

கே: ஜிஎஸ்டி பற்றி எது கேட்டாலும் "கவுன்சில் முடிவு" என்கிறார்களே?

ப: விகித விஷயத்தில் அது பெரும்பாலும் சரியான பதில். கவுன்சில் என்பது மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்து ஜிஎஸ்டி பற்றி முடிவெடுக்கும் அமைப்பு. அதில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு, முடிவெடுக்க முக்கால் பங்கு வேண்டும். மத்திய அரசு ஒத்துக்கொள்ளாமல் எதுவும் நிறைவேறாது என்பதையும் இந்தக் கணக்கிலிருந்தே புரிந்துகொள்ளலாம். அதனால் "மத்திய அரசு கவுன்சிலில் என்ன நிலை எடுத்தது?" என்று கேட்க வேண்டும்.

கே: இந்தப் பதில்களை நான் எங்கே படிப்பது?

ப: நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் அமைச்சகம், தேதி வாரியாகத் தேடலாம், இலவசம். கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ) என்று பிரிந்திருக்கும். பதில் "(அ) முதல் (ஈ) வரை" என்று மொத்தமாக வந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் விடை இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்று விடுபட்டிருக்கும். "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது" என்று இருந்தால் அது அரசு கொடுத்த உறுதிமொழி, மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்கத் தனிக் குழுவே இருக்கிறது. மூன்று மாதம் தாண்டியும் வராவிட்டால் கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்து உங்கள் எம்பிக்கு ஒரு கடிதம் போடுங்கள்.