கறுப்பு அங்கி எதற்கு?

அன்புள்ள ஐயா,

நான் குன்னூர்க்காரன். கோவையில் விளம்பரப் படங்களுக்கு எடிட்டிங் செய்கிறேன். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ஹாரர் அட்வென்ச்சர் படம் எடுக்க இறங்கியிருக்கிறோம். கையில் முப்பது லட்சம் இருக்கிறது. கதை நீலகிரியில் நடக்கிறது. மலையேற வந்த கல்லூரிப் பையன்கள் காணாமல் போகிறார்கள். தேடிப் போகும் அண்ணன், காட்டுக்குள் நரபலி கொடுக்கும் ஒரு ரகசியக் கூட்டத்தைக் கண்டுபிடிக்கிறான். 'தி ஸ்ட்ராங்லர்ஸ் ஆஃப் பாம்பே' என்ற பழைய படத்தைப் பார்த்தபோது வந்த பொறி இது. எங்கள் கூட்டத்தை, இந்த மலைப் பழங்குடிகளான குறும்பரின் மாந்திரீகத்தை அடிப்படையாக வைத்து, கறுப்பு அங்கி, மண்டையோடு என்று டிசைன் செய்திருக்கிறோம். கொஞ்சம் ஆராய்ச்சியும் செய்தோம்.

இந்தப் பட்ஜெட்டில் பயம் வருமா? சாமிக்கு நிஜப் பெயர் வைக்கலாமா? படம் எடுக்கத் தோதான குகை எங்கே இருக்கிறது? கடைசியாக, நீலகிரியில் உண்மையிலேயே அப்படி ஒரு ரகசியக் கூட்டம் இருந்ததா?

அன்புடன்,
ஆர்., குன்னூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் தேனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தேன். பத்து நாளாக முதல் பக்கமே நகரவில்லை. 'குறும்பர் மாந்திரீகம்' என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும், ஏன் நகரவில்லை என்று புரிந்துவிட்டது. அதற்கு நன்றி. மற்றபடி உங்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். சாமிக்கு நிஜப் பெயர் வேண்டாம். சாமி கோபித்துக்கொள்ளாது, பக்தர்கள் கோபித்துக்கொள்வார்கள். வக்கீலுக்குக் கொடுக்க முப்பது லட்சம் போதாது. குகை எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன். கொடைக்கானலில் வெள்ளைக்காரன் 'பிசாசின் சமையலறை' என்று பெயர் வைத்த பள்ளத்துக்கு 1991இல் வந்த 'குணா' தன் பெயரைக் கொடுத்தது. இப்போது அங்கே கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். ஒரு குகைக்கு அந்தக் கதி போதும். பட்ஜெட் பற்றிக் கவலையே படாதீர்கள். நவம்பரில் கோத்தகிரிக்கு வந்தால் மூன்று மணிக்கு மேல் பனிமூட்டம் தானாக இறங்கிவந்து நிற்கும், பேட்டா கேட்காது.

இனி அந்தப் படம். நானும் பார்த்திருக்கிறேன். 1959இல் ஹாமர் கம்பெனி எடுத்தது, டெரன்ஸ் ஃபிஷர் இயக்கியது. முந்தின வருஷம்தான் இதே ஆள் இதே கம்பெனிக்கு டிராகுலாவைக் கலரில் எடுத்து ரத்தத்தைச் சிவப்பாக ஓடவிட்டிருந்தார். இதைக் கறுப்பு வெள்ளையிலேயே முடித்துவிட்டார்கள். எடுத்தது இங்கிலாந்தில், பிரே ஸ்டுடியோவில். பம்பாய் தலைப்பில் மட்டும்தான் இருக்கிறது. காளி பூசாரியாக வந்து கண்ணை உருட்டுகிற ஜார்ஜ் பாஸ்டல் சைப்ரஸ்காரர். கதாநாயகன் கிழக்கிந்தியக் கம்பெனியின் கேப்டன். பயணிகள் காணாமல் போவதை மேலதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை என்று தானே தேடிக் கிளம்புகிறான். அவன் வளர்க்கிற கீரிதான் அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த நடிகர்.

காணாமல் போகிறவர்கள், தேடுகிறவன், கூட்டம். எலும்புக்கூட்டை நன்றாகத்தான் உருவியிருக்கிறீர்கள். அது யாருடைய எலும்பு என்று பார்த்தீர்களா?

அந்தப் படத்துக் கூட்டத்தின் பெயர் 'தக்'. வடக்கே 'தக்' என்றால் ஏமாற்றுக்காரன். வழிப்போக்கர்களோடு சிநேகமாகக் கூட நடந்து, ராத்திரி கைத்துணியால் கழுத்தை நெரித்துக் கொள்ளையடித்தவர்கள் இருந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாடு முழுக்கப் பரவிய ஒரே கூட்டம், ஒரே ரகசியப் பேச்சு, கொலையெல்லாம் காளிக்குப் பலி என்ற கதையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஸ்லீமன் என்ற அதிகாரி அப்ரூவர் ஆன கைதிகளிடம் கேட்டுக் கேட்டுக் கோத்தது என்று சரித்திரக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கதை சட்டமாகவும் ஆனது. 1836ஆம் வருஷத்து 30ஆம் சட்டப்படி ஒருவன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று காட்டினால் போதும், ஆயுள் தண்டனை. இன்ன ஆளைக் கொன்றான் என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் கேப்டன் அங்கிருந்துதான் குதிரையில் ஏறி வருகிறான்.

அந்தச் சட்டம் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால், 1835இல், நீங்கள் படம் எடுக்கப்போகிற இதே மலையில் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டார்கள். சூனியக்காரர்கள் என்று சொல்லிக் கொன்றார்கள். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் இருக்கிறது. 1875இலும் 1882இலும் அதைவிட அதிகம் என்கிறது அந்தப் புத்தகம். 1900இல் ஒரு முழுக் குடும்பம். அந்த வீட்டுப் பெரியவர் மருந்து கொடுக்கிறவர். ஊருக்குள் நோயையும் சாவையும் கொண்டுவந்தார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சுற்றுவட்டாரமே கொன்றவர்கள் பக்கம் நின்றதால் துப்புக் கிடைக்கவில்லை, பிடிபட்டவர்களும் விடுதலையாகிவிட்டார்கள்.

கொன்றவர்கள் யார் என்று கேட்பீர்கள். புத்தகத்தில் இருக்கிறது, நான் சொல்லமாட்டேன். சொன்னால் உங்கள் அடுத்த டிராஃப்டில் அவர்கள் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்.

ஆக, உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: இருந்தது. ஆனால் அதில் ரகசியம் ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். தம்பி, குன்னூரில் பிறந்துவிட்டு இது தெரியாமல் எப்படி இருந்தீர்கள்? ஆராய்ச்சி என்று எதைச் சொல்கிறீர்கள்? யூடியூபில் பின்னணி இசையோடு மூன்று வீடியோ பார்த்ததையா? வெள்ளரிக்கொம்பை எழுத்துப்பாறைக்குப் போயிருக்கிறீர்களா? அந்தப் பாறை ஓவியத்தின் தொடர்ச்சியாக, வேங்கை மரத்துப் பிசினில் சாயம் எடுத்துக் காகிதத்தில் வரைகிற குறும்பர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமாவது உட்கார்ந்து பேசினீர்களா? பழைய நாளில் சுற்றியிருந்த ஊர்களில் விதைப்புக்கு முதல் கைப்பிடியைக் குறும்பர் போட்டால்தான் விளையும் என்று கூப்பிட்டுப் போடச் சொல்வார்கள். விளையவும் அவர் வேண்டும், மாடு செத்தாலும் அவர்தான் காரணம். இந்த இரண்டும் ஒரே ஊரில், ஒரே வாயிலிருந்து வருகிறதே, இதைவிடப் பெரிய ஹாரர் உங்கள் மண்டையோட்டில் இருக்கிறதா?

சினிமாவை வைத்தே சொல்கிறேன். 1943இல் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளர் 'தி செவன்த் விக்டிம்' என்று ஒரு படம் எடுத்தார். அவருக்கு ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ போட்ட கட்டளைகள் வேடிக்கையானவை. படத்துக்கு ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது, எழுபத்தைந்து நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும், தலைப்பை ஸ்டுடியோவே கொடுக்கும். ஆர்சன் வெல்ஸ் படத்துக்காகப் போட்ட மாடிப்படியையே தன் படத்துக்கும் பயன்படுத்திக்கொண்ட ஆள். இந்தப் படத்திலும் சாத்தானை வணங்கும் கூட்டம் வருகிறது. அங்கி கிடையாது, குகை கிடையாது. நியூயார்க்கில் ஒரு நல்ல வீட்டு ஹாலில், கோட்டு போட்டவர்களும் கௌன் போட்ட அம்மாள்களும் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். காட்டிக்கொடுத்தாள் என்று ஒரு பெண்ணைக் கூட்டிவந்து, அவள் முன்னால் ஒரு கிளாஸில் விஷத்தை வைக்கிறார்கள். யாரும் அவளைத் தொடுவதில்லை. குடி, குடித்துவிடு என்று பொழுது சாய்கிறவரைக்கும் பக்குவமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அவ்வளவுதான் செலவு. ஒரு கிளாஸ்.

அந்தக் காட்சியை நான் முதலில் பார்த்தது நாற்பது வயதுக்கு மேல். பார்த்தவுடன் எங்கள் வீட்டுச் சமையலறை ஞாபகத்துக்கு வந்தது.

1974. எனக்கு ஒன்பது வயது. கீழ்க்கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் அப்பாவுக்கு ஃபேக்டரியில் கொழுந்து எடை போட்டுக் கணக்கு எழுதும் வேலை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. சித்திரை பிறந்தால் ஒரு குறும்பப் பெரியவர் தேன் கொண்டுவருவார். பழைய எண்ணெய் டின்னில் மலைத்தேன், வாயில் ஒரு துணி கட்டியிருக்கும். என்னை உட்காரவைத்து, ஒரு இலையைப் பறித்துத் துடைத்து, அதில் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பார். பாறையில் கொடி கட்டி இறங்குவதைப் பற்றி அவரிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். "மேல கயித்தை யாரு தாத்தா புடிச்சுக்குவாங்க?" "மச்சான்தான். தங்கச்சி புருஷனை எவன் விடுவான்?" சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

அம்மா அவரிடம் தேன் வாங்குவாள். அப்பாவின் இருமலுக்கு அது வேண்டும். காசைக் கையில் கொடுக்கமாட்டாள், படியில் வைப்பாள். அவர் போனதும் தேன் பாட்டிலை அடுப்புக்கு மேல் மூன்று சுற்றுச் சுற்றி உள்ளே வைப்பாள். "அவரு கண்ணைப் பாத்துப் பேசாதடா" என்பாள். நல்லவள் என் அம்மா. பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் இங்கே சோறு இறங்காது.

அந்த வருஷம் என் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. நாலு வயது. பத்து நாளாக இறங்கவில்லை. மேல் லயத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளை போயிருந்தது. யாரோ ஒருவர், தேன்காரர் போன தடவை பாப்பா தலையைத் தடவினார் என்றார். தடவினார்தான், நானே பார்த்தேன். யாரோ கேட்டபோது ஆமாம் என்று நானும் சொன்னேன்.

ராத்திரி ஐந்து பேர் எங்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் எனக்கு மாமா, சித்தப்பா முறை. அம்மா வெல்லம் போட்டுக் கட்டன் டீ கொடுத்தாள். தேன்காரரைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. போனஸ் எத்தனை சதவீதம் வரும், ஃபேக்டரி லாரிக்கு டயர் மாற்றினார்களா என்றெல்லாம் பேசினார்கள். ஒருவர் ஏதோ ஜோக் சொல்ல அப்பா சிரித்தார். பிறகு டம்ளரைக் கவிழ்த்துவைத்துவிட்டு ஒருவர், "போலாமா?" என்றார். சினிமாவுக்குக் கூப்பிடுகிற குரல். அப்பா மூணு செல் டார்ச்சை எடுத்துக்கொண்டார். போர்வைக்குள் நான் முழித்திருந்தேன். அம்மா டம்ளர்களைக் கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

விடியும்போது திரும்பி வந்தார்கள். அப்பா குழாயடியில் நின்று காலைக் கழுவிக்கொண்டே இருந்தார். அம்மா எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் லாரியில் தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டைஃபாய்டு. மூன்று வாரத்தில் இட்லி சாப்பிட்டாள். இன்றைக்கு அவளுக்குப் பேரன் இருக்கிறான். நாங்கள் தண்ணீர் எடுத்த ஊற்றுக்கு இருபதடி மேலேதான் லயத்துக் கக்கூஸ் இருந்தது. அதைப் பார்க்க யாரும் டார்ச் எடுத்துக்கொண்டு போகவில்லை.

தேன்காரர் அப்புறம் வரவில்லை. அடித்தார்களா, மிரட்டி விட்டார்களா, ஆள் அகப்படாமல் சும்மா திரும்பினார்களா, எனக்குத் தெரியாது. அப்பா சாவதற்கு முந்தின வருஷம் ஒருமுறை கேட்டேன். "பழசெல்லாம் எதுக்கு இப்ப" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ரசம் இருக்கா?" என்றார்.

எங்கே ஆரம்பித்தேன்? உங்கள் கூட்டத்தின் டிசைன். அங்கியைத் தூக்கிப் போடுங்கள், மண்டையோட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். உங்கள் படத்தில் காட்டுக்குள் இருப்பவர்களைப் பார்த்து நான் பயப்படமாட்டேன். தேடிப் போகிற அண்ணன் கிளம்புவதற்கு முன்னால் எந்த வீட்டில் டீ குடித்தான், கூட யார் யார் இருந்தார்கள் என்று காட்டுங்கள். அப்போது பயப்படுவேன்.

உடனே என் வீட்டுக் கதையை எடுத்துவிடாதீர்கள். அது என்னுடையது, தரமாட்டேன். எழுதினால் நானே எழுதுவேன். தேன் கட்டுரை இனி நகரும் என்று தோன்றுகிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ராத்திரி இருக்கும். பாட்டி இருக்கிறாரா? மாலை வேளையில், பக்கத்தில் வேறு யாரும் இல்லாதபோது கேளுங்கள். ரெக்கார்டரை மேஜைமேல் வைக்காதீர்கள்.

கீரியும் வேண்டாம். வளர்த்தால் வனத்துறை பிடித்துக்கொண்டு போய்விடும்.