கொடைக்கானலில் ஹாலோவீன் இரவு: வீட்டிலேயே பேய்ப்படம் பார்க்க எது ஏற்றது?

பேய் வேடமிட்டுக் கொண்டாடும் மேலைநாட்டு ஹாலோவீன் வரும் அக்டோபர் 31 என்றால் இங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். மழையில் மின்சாரமும் இணையமும் கைவிடலாம். படத்தை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

நான் முதலில் சொல்வது 2009-இல் வந்த 'யாவரும் நலம்'. புது வீட்டுக்குக் குடிவந்த குடும்பம் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் நடப்பதெல்லாம் அவர்கள் வீட்டிலும் நடக்கிறது. தொலைக்காட்சியிலிருந்தே பயம் கிளம்புவதால், தியேட்டரைவிட வீட்டுக் கூடமே இதற்குப் பொருத்தம். மாதவன் தனியாக ஏறினால் மட்டும் லிஃப்ட் நகராது. ரத்தம் ஒரு சொட்டும் இல்லாத அந்தச் சின்ன விஷயம் எப்படி வயிற்றைப் பிசைகிறது, பாருங்கள்! இன்னும் கடுமையாக வேண்டுமா? 'அவள்' (2017). இமயமலையடிவாரக் கதை, குழந்தைகள் உறங்கிய பிறகு பாருங்கள்.

பேய்ப்படத்தில் பாதிப் பயம் ஒலியில்தான் இருக்கிறது. தகரக் கூரையில் மழை அடித்தால் முணுமுணுப்பு எதுவும் காதில் விழாது. ஒலியைக் கூட்டினாலோ, திடீர் அலறலில் அக்கம்பக்கம் விழித்துக்கொள்ளும். ஹெட்போன் நல்லது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: குளிருக்காக அடைத்த அறைக்குள் கரி அடுப்பு மூட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கம்பளி போதும்.