சாக்கை சால்மன்: முதுகைப் பாருங்கள், கரையோரம் வீசுங்கள்

கேள்வி: ஜூலையில் அலாஸ்காவின் கீனாய் ஆற்றுக்குப் போகிறோம். போன தடவை என்ன இரை போட்டும் சாக்கை கடிக்கவில்லை. கிடைத்த வெள்ளி நிற மீன் சாக்கைதானா என்றும் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இரையைக் குறை சொல்லாதீர்கள். கடலில் மிதக்கும் சிற்றுயிர்களைச் சலித்துத் தின்று வளரும் சாக்கை, முட்டையிட ஆற்றில் ஏறும்போது தீனியையே நிறுத்திவிடும். ஆசை காட்டினால் வராது; அது போகும் வழியைத்தான் மறிக்க வேண்டும்.

அந்த வழி கரையை ஒட்டியது. வேகமான நீரோட்டத்துக்கு ஒதுங்கி, பெரும்பாலும் கரையிலிருந்து 3 முதல் 5 மீட்டருக்குள், தரையோடு தரையாக ஏறும். இடுப்பளவுக்கு இறங்கி ஆற்றின் நடுவே வீசுபவர்களின் முதுகுக்குப் பின்னால் மீன் போய்க்கொண்டிருக்கும். கணுக்கால் நனைந்தால் போதும், அங்கேயே நில்லுங்கள்.

ஒற்றை முள்ளில் கொஞ்சம் நூல் கட்டி, அதற்கு ஒரு மீட்டருக்குச் சற்றே மேலே 15 முதல் 20 கிராம் ஈயக்குண்டு போடுங்கள். சற்று மேல்நீரில் வீசி, ஓட்டத்தோடு விடுங்கள். ஈயம் கூழாங்கற்களை டக், டக்கென்று தட்டுவது கையில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் பிடித்து நின்றால் கனம் அதிகம். தட்டலே இல்லையென்றால் முள் மீனுக்கு மேலே போகிறது, கனம் கூட்டுங்கள். உங்களைத் தாண்டிச் சற்றுக் கீழே போனதும் தூண்டிலைக் கரைப்பக்கமாகச் சீராக இழுங்கள். சாக்கை வாயைத் திறந்து மூடியபடியே நீந்தும். தூண்டில் நரம்பு வாய்க்குள் வழுக்கிப் போய், முள் கடைவாயில் மாட்டும். வெடுக்கென்று இழுத்தால் வயிற்றிலோ துடுப்பிலோ குத்தும். வாயில் அல்லாமல் வேறெங்கு குத்தினாலும் உடனே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். பக்கத்து ரஷ்யன் ஆற்றுக்குப் போனால் இன்னும் கட்டுப்பாடு உண்டு: முள்ளின் வாய் அகலம் 3/8 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, ஈயம் முள்ளிலிருந்து 18 அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும்.

அடையாளத்துக்கு முதுகையும் வாலையும் பாருங்கள். சாக்கைக்குக் கரும்புள்ளி கிடையாது. நீலப்பச்சை முதுகு, கண்ணாடி போலப் பெரிய கண். வால் முழுக்கப் புள்ளியும் கறுத்த ஈறும் இருந்தால் அது சினூக் என்ற வேறொரு சால்மன் வகை. அண்மைய ஆண்டுகளில் கீனாயில் சினூக் வைத்துக்கொள்ளத் தடை வந்திருக்கிறது; தண்ணீரைவிட்டுத் தூக்காமலே விட்டுவிடுங்கள். வாலின் மேல்பாதியில் மட்டும் புள்ளியும் வெளுத்த ஈறும் கோஹோ என்ற வகைக்கு. பிங்க் சால்மனின் வாலில் பெரிய நீள்வட்டப் புள்ளிகள், செதில் மிகப் பொடி. சம் மீனுக்கும் புள்ளியில்லாததால் குழப்பும்; செவுளைத் தூக்கி முதல் வளைவைப் பாருங்கள். சாக்கைக்கு அங்கே சீப்புப் பல் மாதிரி 28 முதல் 40 செவுள் முட்கள் வரை நீளமாக, நெருக்கமாக இருக்கும். சம் மீனுக்குக் குட்டையாக, இடைவெளி விட்டிருக்கும்.

உடல் சிவந்து தலை பச்சையானது சாக்கைதான், ஆனால் முட்டையிடத் தயாராகிவிட்டது. சதை வெளிறி ருசி போயிருக்கும். விட்டுவிடுங்கள்.

16 வயது நிறைந்த வெளியூர்க்காரர் எல்லோருக்கும் உரிமம் வேண்டும். அலாஸ்கா மீன், வேட்டைத் துறை பருவத்தின் நடுவிலேயே அவசர உத்தரவு போட்டு விதியை மாற்றும். கிளம்பும் நாள் காலையில் பார்த்துவிடுங்கள்.

பிடித்ததும் தலையில் ஓங்கித் தட்டி, செவுளை அறுத்து, ரத்தம் வடிந்ததும் ஐஸில் வையுங்கள். கயிற்றில் கோத்து வெதுவெதுப்பான ஆழமற்ற தண்ணீரில் மத்தியானம் வரை போட்டால் அந்தச் செக்கச்சிவந்த சதை தொளதொளத்துப் போகும்.