குழந்தைக்குப் படப் பதிப்பு வாங்கும் முன்: நீலகிரிப் பெற்றோர் கேட்ட கேள்விகள்

பிடித்த தொடர் நூல்களைப் படங்களோடு வாங்கித் தர நினைக்கும் மலைப்பக்கப் பெற்றோர் சிலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். பள்ளி நூலகத்தில் புத்தகமும் பிள்ளைகளுமாக இருப்பவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விலையும் தள்ளுபடியும் மாறிக்கொண்டே இருக்கும், அதை மட்டும் கேட்க வேண்டாம். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: அட்டையில் படம் இருந்தால் உள்ளேயும் இருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். நடுவில் ஏதாவது இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

குன்னூர், ஒரு அம்மா: மகளுக்கு ஒன்பது வயது. ஹாரி பாட்டர் என்றால் உயிர். தோழியிடம் இரவல் வாங்கி மூன்று பாகம் முடித்துவிட்டாள். பிறந்தநாளுக்குப் பெரிய படப் பதிப்பு வாங்கலாம் என்று இருக்கிறோம். ஜிம் கே வரைந்ததா, மினாலிமாவா?

பதில்: இரண்டிலும் கதை முழுதாக இருக்கிறது, ஒரு வரி குறையாது. ஆனால் இரண்டுமே ஏழு பாகங்களையும் எட்டவில்லை. வாங்கும் பலருக்கு இது தெரிவதில்லை. ஜிம் கே 2015இல் முதல் பாகத்தை வரைந்தார். அடுத்தவை 2016, 2017, 2019 என்று வந்தன. 2022இல் வந்த ஐந்தாம் பாகத்தில் நீல் பேக்கரும் சேர்ந்து வரைந்தார். அதோடு ஜிம் கே விலகிக்கொண்டார். மினாலிமா என்பது அந்தத் திரைப்படங்களுக்கு வரைகலை வேலை செய்த இரண்டு பேரின் நிறுவனம். அவர்களுடையது 2020, 2021, 2023 என்று மூன்று பாகங்கள்தான்.

ஏழையும் ஒரே ஓவியரின் கையில் பார்க்க ஆசைப்படுகிற குழந்தை என்றால், அமெரிக்காவின் ஸ்காலஸ்டிக் பதிப்பில் மேரி கிராண்ட்பிரே வரைந்ததைத் தேடுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் கறுப்பு வெள்ளையில் சின்னதாக ஒரு படம், ஏழு பாகத்திலும். நம் கடைகளில் அதிகம் பார்ப்பது பிரிட்டனின் ப்ளூம்ஸ்பரி பதிப்பு. அதனால் முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். முதல் பாகத்தின் தலைப்பே அமெரிக்காவில் வேறு, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஜிம் கேயின் முதல் பாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வண்ணப் படங்கள் இருக்கின்றன. கதையை ஏற்கெனவே படித்துவிட்ட பிள்ளைக்கு அது பெரிய விருந்து, ஏனென்றால் அவள் பார்ப்பதற்காகத் திறப்பாள். ஆனால் அளவு பெரியது. கட்டிலில் படுத்துக்கொண்டு படிக்க முடியாது, மேசையோ பாயோ வேண்டும். ஐந்தாம் பாகத்தை ஒன்பது வயதுக் குழந்தை மடியில் வைத்துக்கொள்வதே கஷ்டம். மினாலிமாவில் விரித்து மடக்கும் காகித வேலைகள் நிறைய. வீட்டில் நாலு வயதுத் தம்பி இருந்தால் யோசியுங்கள். என்னைக் கேட்டால், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒன்றாக ஜிம் கேயின் முதல் மூன்று பாகங்கள், மீதி நான்கும் சாதாரணப் பதிப்பில். நான்காம் பாகத்திலிருந்து கதை நீளமாகிவிடுகிறது. அதைக் கையில் பிடித்துப் படிக்கும் புத்தகமாகக் கொடுப்பதுதான் நல்லது.

வெலிங்டன், ஒரு அப்பா: ஜிம் கே வரைந்த ஆறாவது எப்போது வரும் டீச்சர்?

பதில்: வராது. அவர் ஐந்தோடு விலகிவிட்டார்.

கூடலூர், ஒரு அம்மா: இங்கே ஜூனில் தொடங்கினால் மழை விடுவதே இல்லை. போன வருடம் வாங்கிய வண்ணப் புத்தகத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் படம் உரிந்து வந்தது. விலை கொடுத்து வாங்குவதே வீண்தானா?

பதில்: வீண் இல்லை அம்மா, ஆனால் காகிதத்தைப் பார்த்து வாங்க வேண்டும். பளபளப்பான ஆர்ட் பேப்பரின் மேல் ஒரு பூச்சு இருக்கிறது. ஈரம் பட்டால் அது இளகி, காயும்போது எதிர்ப் பக்கத்தோடு சேர்த்து ஒட்டிவிடும். காய்ந்த பிறகு பிரிக்க வழி இல்லை. நனைந்த உடனே, ஈரமாக இருக்கும்போதே, பக்கங்களுக்கு நடுவில் வெள்ளைத்தாள் வைத்துப் பிரித்துக் காற்றில் உலர்த்தினால் ஓரளவு காப்பாற்றலாம். அதனால் கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்கு, படம் பளபளக்காவிட்டாலும் பரவாயில்லை, மங்கலான காகிதத்தில் அச்சிட்டதையே வாங்கச் சொல்கிறேன். கோட்டோவியப் பதிப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

புத்தக அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், நடுவில் ஒரு கை நுழையும் இடம் விடுங்கள். இரும்பு பீரோவில் பூட்டி வைத்தால் பூசணம் சீக்கிரம் வரும். வெயில் அடிக்கிற நாளில் நிழலில் விரித்து வையுங்கள், நேர் வெயிலில் வண்ணம் வெளுக்கும். ராமபாணப் பூச்சிக்காக அந்துருண்டை போடுவதைக் குழந்தைப் புத்தகங்களில் செய்யவே வேண்டாம், அவை முகத்துக்குப் பக்கத்தில் வருகிறவை. குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் இதையே ஐப்பசி கார்த்திகையில் செய்ய வேண்டும். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமானது.

கோத்தகிரி, ஒரு தாத்தா: பேத்திக்குப் பதினொரு வயது. தமிழ் நன்றாகப் படிப்பாள். பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் வாங்கித் தரப்போகிறேன். மணியம் படம் இல்லாத பொன்னியின் செல்வன் பொன்னியின் செல்வனே அல்ல என்பது என் கட்சி. கடையில் போய்க் கேட்டால் படமே இல்லாத பதிப்பைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். என்னதான் காரணம்?

பதில்: நல்ல கேள்வி ஐயா. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அதனால்தான் இத்தனை பதிப்புகள். ஆனால் அந்த நாட்டுடைமை எழுத்துக்கு மட்டும்தான். ஓவியரின் உரிமை தனி, அவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் அது நிற்கும். படம் போட வேண்டுமானால் பதிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். மலிவுப் பதிப்புகள் அந்த வேலைக்கே போவதில்லை. மணியத்தின் படங்களோடு விகடன் பிரசுரம் வெளியிட்டிருக்கிறது, அதைக் கேளுங்கள்.

மணியம் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் கதையோடு கூடவே வரைந்தவர். கல்கியோடு பயணம் போய், சிற்பங்களைப் பார்த்துவிட்டு வந்து வரைந்தவர். அதனால் ஒரு கொண்டையிலும் ஒரு தூணிலும் கூட அந்தக் காலம் தெரியும். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருவதோடு கதை தொடங்குகிறது. சோழநாட்டு ஏரியைக் கண்டிராத நம் மலைப் பிள்ளைகளுக்கு அங்கே படம் நிஜமாகவே உதவி செய்கிறது.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். படங்கள் அந்தந்த அத்தியாயத்திலேயே வருகின்றனவா, கடைசியில் மொத்தமாகச் சேர்த்திருக்கிறார்களா என்பது ஒன்று. கதை முழுசா, சுருக்கமா என்பது இன்னொன்று. பதினொரு வயதில் தமிழ் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குச் சுருக்கம் வேண்டாம். ஆழ்வார்க்கடியான் போடும் சண்டைகள்தான் சுருக்கத்தில் முதலில் காணாமல் போகும், பிள்ளைகள் அதிகம் சிரிப்பதே அங்கேதான்.

அருவங்காடு, ஒரு அம்மா: தாத்தா சொல்வதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. என் மகன் கறுப்பு வெள்ளை என்றால் திறந்துகூடப் பார்க்க மாட்டான். திரைப்படம் பார்த்துவிட்டுத்தான் கதையே கேட்டான். வண்ணத்தில் பத்மவாசன் வரைந்ததைக் காட்டினேன், உடனே உட்கார்ந்தான். எழுபது வருடத்துக்கு முந்தைய படத்தை இந்தக் காலப் பிள்ளை மேல் திணிக்கலாமா?

பதில்: திணிக்க வேண்டாம். பத்மவாசன் தேர்ந்த ஓவியர், அவர் படத்தால் ஒரு பிள்ளை கதைக்குள் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கறுப்பு வெள்ளையைப் பிள்ளைகள் வெறுக்கிறார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. நூலகத்தில் வண்ணப் பக்கத்தைச் சட்டென்று புரட்டிவிடுகிற பிள்ளைகள் கோட்டோவியத்தில் விரல் வைத்துத் தேடுகிறார்கள். வாள் எங்கே, ஆபரணம் எப்படி, பின்னால் நிற்பது யார் என்று. மூன்று அத்தியாயம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டிவிட்டுப் பிறகு மணியத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

கோத்தகிரி, அதே தாத்தா: திரைப்படம் பார்த்த பிள்ளைக்கு நடிகர் முகம்தானே மனதில் நிற்கும்? பெரிய பழுவேட்டரையர் என்றால் உடம்பில் 64 விழுப்புண்ணோடு நிற்கிற கிழச்சிங்கம். அதை மணியம் மட்டும்தான் கொண்டுவந்தார்.

உதகை, ஓவிய ஆசிரியர் ஒருவர்: நான் தாத்தா பக்கம், ஆனால் காரணம் வேறு. மணியத்தின் கோட்டோவியத்தைப் பார்த்துப் பிள்ளைகள் திரும்ப வரையலாம். வண்ண ஓவியத்தைப் பார்த்து வரையச் சொன்னால் பென்சிலை வைத்துவிடுகிறார்கள். என் வகுப்பில் இதைப் பார்க்கிறேன்.

அருவங்காடு, அதே அம்மா: எல்லாப் பிள்ளைகளும் வரைவதில்லையே. என் பையனுக்குக் கதைதான் வேண்டும்.

பதில்: ஆசிரியர் சொன்னதை எல்லாப் பெற்றோரும் குறித்துக்கொள்ளுங்கள். வரைகிற பிள்ளை வீட்டில் இருந்தால் கோட்டோவியப் பதிப்பே சரி, வேறு யோசனை வேண்டாம். அம்மா, உங்கள் மகன் வண்ணத்தோடு போகட்டும். ஐயா, திரைப்படம் 2022இலும் 2023இலும் வந்துவிட்டது, அந்த முகங்களைப் பிள்ளைகளின் மனதிலிருந்து அழிக்க முடியாது. ஆனால் 64 விழுப்புண் என்று எழுத்தில் படிக்கும்போது பிள்ளை தானாகவே ஒரு கிழச்சிங்கத்தை உருவாக்கிக்கொள்ளும். நான் நேராகவே எதிர்ப்பது ஒன்றைத்தான்: ஓவியர் பெயரே போடாத பதிப்பு. வரைந்தவர் பெயரை முதல் பக்கங்களில் தேடுங்கள். இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள், அது இணையத்தில் எங்கோ எடுத்த படமாகவும் இருக்கலாம். நல்ல ஓவியருக்குப் போக வேண்டிய பணம் அவருக்குப் போகட்டும்.

எடப்பள்ளி, ஒரு அக்கா: ஹாரி பாட்டர் படப் பதிப்பில் எது நல்லது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

லவ்டேல், ஒரு அப்பா: நார்னியா ஏழு புத்தகம் வாங்கினேன். ஒன்று என்று எண் போட்டதில் மந்திரவாதியின் மருமகன் இருக்கிறது. மனைவி சிங்கத்தின் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்கிறாள். படங்கள் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

பதில்: உங்கள் மனைவி சொல்வதே என் கருத்தும். சிங்கத்தின் கதை 1950இல் வந்தது, மருமகன் கதை 1955இல். கதைக்குள் நடக்கும் கால வரிசைப்படி பின்னாளில் எண்ணை மாற்றினார்கள். அலமாரிக்குள் நுழைந்து பனியில் விளக்குக் கம்பத்தைப் பார்க்கும் ஆச்சரியத்தை, அந்தக் கம்பம் எப்படி முளைத்தது என்று முதலிலேயே சொல்லிக் கெடுக்க வேண்டாம். படங்கள் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம், ஏழையும் போலீன் பேன்ஸ் ஒருவரே வரைந்தார். பல வருடம் கழித்து அவரே அவற்றுக்கு வண்ணமும் தீட்டினார். முழுத்தொடரும் ஒரே கையில் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியாது.

குன்னூர், ஒரு சித்தி: ஃபேமஸ் ஃபைவ்?

பதில்: எனிட் பிளைட்டன் எழுதிய 21 கதைகள், எய்லீன் சோப்பரின் கோட்டோவியம். பின்னாளில் வேறு ஓவியர்களும் வரைந்தார்கள், அதனால் சோப்பர் பெயர் இருக்கிறதா பாருங்கள். மொத்தமும் வாங்க வேண்டாம். ஐந்து வாங்கிப் பிள்ளை கேட்டால் அடுத்த ஐந்து.

பந்தலூர், ஒரு அப்பா: மகனுக்கு எட்டு வயது. படம் பார்ப்பான், வரிகளைப் படிக்க மாட்டான். எழுத்துகளை மாற்றிப் படிக்கிறான். படம் நிறைய உள்ள புத்தகம் கொடுத்தால் சரியாகுமா?

பதில்: இது புத்தகத்தால் தீர்வதல்ல. முதலில் கண் பரிசோதனை, அப்புறம் வகுப்பாசிரியரிடம் சொல்லிச் சிறப்பாசிரியர் ஒருவரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். அதுவரை நீங்கள் படியுங்கள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கட்டும். அதை யாரும் குறை சொல்லக் கூடாது.

உதகை, ஒரு அம்மா: எங்கே மலிவாகக் கிடைக்கும்?

பதில்: விலை பற்றிக் கேட்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொன்னேன்.

கேத்தி, ஒரு அண்ணன்: தங்கைக்கு ஏழு வயது. நான் வைத்திருக்கும் ஜிம் கே இரண்டாம் பாகத்தைக் கொடுக்கலாமா? சிலந்தி படம் பார்த்துப் பயப்படுவாளோ என்று இருக்கிறது.

பதில்: பயப்படுகிற பிள்ளையாக இருந்தால் இப்போது வேண்டாம். படத்தில் பார்த்த பயம் எழுத்தில் படித்த பயத்தைவிடச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். முதல் பாகத்தை மட்டும் கொடுங்கள், பகலில், நீங்களும் கூட இருந்து.

கோத்தகிரி, ஒரு அத்தை: சுற்றுலாச் சீசனில் நடைபாதையில் ஹாரி பாட்டர் படப் பதிப்பு பாதி விலைக்கு விற்றார்கள். அட்டை அசல் மாதிரியே இருந்தது. வாங்கிவிட்டேன். உள்ளே ஒரு படம்கூட இல்லை.

பதில்: திருட்டு அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி வருவதில் பக்கங்கள் விட்டுப்போவதும் உண்டு, அதனால் பிள்ளையிடம் கொடுக்கும் முன் பக்க எண்களை ஒருமுறை சரிபாருங்கள். நடுவில் கதை விட்டுப்போனால் பிள்ளை தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். விற்றவர் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். அடுத்த முறை யார் விற்றாலும், எவ்வளவு பழகியவராக இருந்தாலும், நடுப்பக்கம் இரண்டைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.